நிற்கும் படம் இயங்குமாறு

படங்களை இயங்கச் செய்யும் தொழில் பெரும்பொருள் முதலிட்டு நடத்தப்பெறும் படநிலையங்களுக்கே உரியதென்றும், கல்லூரி மாணாக்கர் அதனைக் கண்டு களித்தற்கு உரியரேயன்றிச் செய்தற்கு உரியரல்லர் என்றும் நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். யாமும் சென்ற ஆண்டுவரை அங்ஙனமே எண்ணியிருந்தோம். ஓவியம் தீட்டும் கைத்திறன் எமக்குச் சிறிதும் இல்லை. தமிழிலக்கணம் பயில்வார்க்குக் கணிப்பொறியில் என்ன வேலை என்று எம்மை நோக்கி நகைத்தாரும் உளர். ஆயினும் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் பகர எழுத்தை எழுதிய முறை எம்மை இத்துறைக்குள் இழுத்துவிட்டது. அதன் வரலாற்றையும், அதன் வாயிலாக யாம் கற்ற முறையையும், இடையில் யாம் செய்த பிழைகளையும் இக்கட்டுரையிற் கூறப் புகுகின்றோம். பிழைகளை எடுத்துரைத்தல் சற்றே நாணந் தருவதாயினும், பின்வருவோர் அவற்றையே மீண்டும் செய்து காலத்தை வீணாக்காதிருத்தற்பொருட்டு ஒன்றையும் மறையாது எழுதுகின்றோம்.

எம் விடுதியை அடுத்துள்ள தெருவில் வாழும் சிறார் பத்துப் பன்னிருவர்க்கு யாமும் எம் அறைத்தோழியும் வாரத்தில் இருநாள் மாலைப்பொழுதில் எழுத்துக் கற்பித்து வருகின்றோம். அவருள் ஒரு சிறுவன் தன் சுவடியில் ஒரு பக்கம் முழுவதும் 'ப' என்று எழுதிக்கொண்டு வந்தான். எழுத்துக்கள் நேராகவும் அழகாகவும் இருந்தன. அவனைப் பாராட்டிவிட்டு, 'இன்னும் ஒன்று எழுது' என்றோம். அவன் எழுதுங்கால் நோக்கினோம், வியப்புற்றோம். வலப்பக்கத்து உச்சியிற் பென்சிலை வைத்துக் கீழே இறக்கி, இடப்பக்கமாக இழுத்து, இடப்பக்கத்துக் கோட்டை மேலே ஏற்றி முடித்தான். எழுதி முடிந்த எழுத்தில் யாதொரு குற்றமும் இல்லை. எழுதிய நெறியோ முற்றும் தலைகீழாக இருந்தது.

இதனால் வரும் கேடு யாதென வினவலாம். அடுத்த வாரம் மகரம் எழுதப் புகுந்தபோது அக்கேடு வெளிப்பட்டது. மகரத்தின் சுழி வலப்பக்கத்தில், எழுத்தின் முடிவில் வருவது. அவனுக்கோ வலப்பக்கம் தொடக்கமாயிற்று. ஆதலின் அவன் பகரத்தைத் தன் முறைப்படி எழுதிவிட்டுப் பென்சிலை எடுத்து, வேறொரு சுழியைக் காதுபோல ஒட்டவைத்தான். ஓரெழுத்துக்கு இருமுறை கையெடுப்பவன் ஒரு பக்கம் எழுதுதற்கு எத்துணைப் பொழுது கழிப்பான் என்பதை எண்ணினோம். கடிந்து கூறியபோது அவன், 'அக்கா, புத்தகத்தில் இருப்பதைப் பார்த்துத்தானே எழுதினேன்?' என்றான். அவன் கூற்று முற்றிலும் உண்மையே. புத்தகம் முடிந்த எழுத்தைக் காட்டுகின்றது. கை எங்கே தொடங்கி எவ்வழியே சென்றது என்பதைக் காட்டுவதில்லை. கரும்பலகையில் எழுதிக் காட்டுவோமெனின், எழுதும் எம் முதுகே எழுத்தை மறைக்கின்றது. வீட்டிற்குச் சென்றால் அவன் கையைப் பிடித்து எழுதுவிப்பார் ஒருவரும் இலர். அவன் தாயாரிடம் கைப்பேசி ஒன்று உண்டு. அதில் எழுத்துத் தானே தன்னை எழுதிக் காட்டுமாயின் நன்றாகுமே என்று எம் தோழி கூறினார். எம் முயற்சிக்கு வித்து அச்சொல்லேயாகும்.

இனி, படம் இயங்குவது எங்ஙனம் என்பதைச் சிறிது காண்பாம். உண்மையில் எந்தப் படமும் இயங்குவதில்லை. ஒன்றற்கொன்று சிறிதே வேறுபட்ட பல படங்கள் அடுத்தடுத்துக் கண்முன் வந்து மறைகின்றன. அவற்றை ஓரியக்கமாகக் கொள்வது காண்பாரது உள்ளமே. பெல்ஜிய நாட்டினராகிய ஜோசப் பிளாட்டோ என்னும் அறிஞர் (கிரேக்க மெய்ஞ்ஞானி வேறு, இவர் வேறு) 1832-ஆம் ஆண்டில் வட்டத்தகடு ஒன்றில் சிறு பிளவுகளை வரிசையாக இட்டு, அத்தகட்டில் ஆடுவான் ஒருவனைப் பல நிலைகளில் தீட்டினார். அதனைக் கண்ணாடியின்முன் சுழற்றிப் பிளவுகளின் வழியே நோக்கினார்க்கு, அவன் ஓயாது சுழன்றாடுவதாகத் தோன்றிற்று. இயக்கத்தைப் பிறர் கண்ணுக்கு விருந்தாக்கிய அவ்வறிஞர் பின்னாளில் தம் பார்வையை இழந்தார் என்பதைப் படித்தபோது எம் உள்ளம் வருந்திற்று. 1908-ஆம் ஆண்டில் எமில் கோல் என்னும் பிரெஞ்சுக்காரர் ஏறத்தாழ 700 படங்களைத் தம் கையாலேயே வரைந்து, ஒன்றிரண்டு நிமிட அளவில் ஓடும் 'ஃபான்டாஸ்மகோரி' என்னும் படத்தை ஆக்கினார். அவர் வரைந்தவை பெரும்பாலும் கோட்டுருவங்களே. சிறுவர் சிலேட்டில் எழுதும் மனிதரை ஒப்பன. கைத்திறன் இல்லாத எமக்கு அச்செய்தி பேராறுதல் அளித்தது.

இத்துறையில் எம் கருத்தை மிகுதியும் கவர்ந்தது வேறொரு செய்தி. மாக்ஸ் வெர்த்தைமர் என்னும் உளநூலறிஞர் 1912-ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சி முடிவொன்றை வெளியிட்டார். வேறுவேறு இடத்திலுள்ள இரண்டு கோடுகளை அவர் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். இரண்டற்கும் இடையே விநாடியின் ஆயிரத்திலொரு கூறு ஏறத்தாழ 30 சென்றதாயின், இரண்டும் ஒருங்கே தோன்றின. 200 கூறு சென்றதாயின், முதலில் ஒன்றும் பின்னர் மற்றொன்றுமாகத் தனித்தனியே தோன்றின. இடைப்பட்ட 60 கூறு அளவில் மட்டும், ஒரே கோடு ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குப் பெயர்ந்ததாகக் கண்டார் கூறினர். கோடுகள் மாறவில்லை, இடம் மாறவில்லை, இடைக்காலம் மாறியதே வேறுபாட்டிற்குக் காரணம். ஆகவே இயங்குபடம் ஆக்குவான் வரைய வேண்டுவது படத்தை மட்டுமன்று, படத்திற்கும் படத்திற்கும் இடைப்பட்ட காலத்தையுங்கூட என்பது தெளிவாயிற்று.

காலத்தை அளந்து எழுத்திற்கு வழங்குதல் தமிழ் மாணாக்கர்க்குப் புதியதன்று. இயல்பாகக் கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாகத் தொல்காப்பியனார் வகுத்தமையும், குறிலுக்கு ஒன்றும் நெடிலுக்கு இரண்டும் மெய்க்கு அரையும் கொடுத்தமையும் நாம் முதலாண்டிலேயே கற்றவை. கண் ஒருமுறை இமைத்தற்கு விநாடியிற் பத்தில் ஒரு கூறு முதல் நான்கு கூறு வரை செல்லும் என்பர் இக்கால உடல்நூலார். இயங்குபடத்தில் ஒரு தனிப்படம் நிற்கும் காலமும் பெரும்பாலும் இவ்வெல்லைக்கு உட்பட்டதே. ஒலியெழுத்திற்கு வகுத்த அளவு வரியெழுத்திற்கும் பயன்படும் என்பதை அறிந்தபோது எமக்குண்டான மகிழ்ச்சி சொல்லுந் தரத்ததன்று. அம்மகிழ்ச்சியில் யாம் முதலில் எல்லாவற்றையும் பிழையாகவே செய்தோம் என்பது வேறு கதை.

யாம் கையாண்ட கருவி 'கிம்ப்' என்னும் படத்திருத்த மென்பொருள். அதன் பிறப்பு மாணாக்கர்க்கு ஊக்கந் தருவதொன்று. அமெரிக்க நாட்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திற் பயின்றுகொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்னும் மாணாக்கர் இருவர் 1995-ஆம் ஆண்டில் அதனை ஆக்கத் தொடங்கி, 1996-இல் உலகத்தார்க்கு வெளியிட்டனர். அதனை விலைகொடாது பெறலாம். அதன் உள்ளமைப்பைத் திறந்து நோக்கித் திருத்தலாம். படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். உதவித்தொகை பெற்றுப் படிக்கும் எம்போல்வார்க்கு முதலிற் கூறிய இயல்பே பெரிதாயிற்று.

ஆக்கிய படத்தைச் சேர்த்துவைக்கும் கோப்புவகை 'ஜிஃப்' எனப்படும். இஃது 1987-ஆம் ஆண்டில் கம்ப்யூசர்வ் என்னும் அமெரிக்க நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் என்பாரும் அவர் குழுவினரும் வகுத்தது. ஒவ்வொரு தனிப்படமும் எத்துணைக் காலம் நிற்க வேண்டும் என்று குறிக்கும் வாய்ப்பு 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் அமைந்தது. அக்காலக் குறிப்பு விநாடியின் நூற்றிலொரு கூற்றை அலகாகக் கொண்டது. இதனை 'ஜிஃப்' என்பதா, 'கிஃப்' என்பதா என்று ஆங்கிலம் வழங்குவோர் நெடுங்காலமாக வழக்காடி வருகின்றனர். 2022-ஆம் ஆண்டில் மறைந்த வில்ஹைட், 2013-இல் விருதொன்று பெற்றபோதும் ஜகர ஒலியே தமக்கு உடன்பாடென்று வற்புறுத்தினார். வடவெழுத்தை இயன்றவரை விலக்கும் எம் தோழியார் மட்டும் 'கிஃப்' என்றே வழங்கி வருகின்றார்; ஆக்கியோனுக்கும் அஞ்சாத தமிழ்ப்பற்று அது.

இனிச் செய்முறையைக் கூறுவாம். கிம்ப்பைத் திறந்து, 'ஃபைல்' என்னும் பட்டியலில் 'நியூ' என்பதைத் தெரிந்து, அகலம் 400, உயரம் 400 பிக்சல் அளவுள்ள வெள்ளைத்தாள் ஒன்றை அமைத்துக்கொண்டோம். அத்தாளில் மெல்லிய சாம்பல் நிறத்தில் பகரத்தைப் பெரிதாக எழுதினோம். சிறுவர் மேலெழுதிப் பழகும் புள்ளியெழுத்துப் போன்றது அது. அடுத்து, 'லேயர்' என்னும் அடுக்குகளைப் பற்றி அறிதல் வேண்டும். கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேலொன்றாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் உறுப்பை எழுதினால், மேலிருந்து நோக்குவார்க்கு எல்லாம் ஒரு படமாகத் தோன்றும் அன்றோ? அடுக்கு என்பது அத்தகைய தகடேயாகும். இயங்குபடத்திற்கு ஒவ்வோர் அடுக்கும் ஒரு தனிப்படம். அடியிலுள்ள அடுக்கே முதலில் தோன்றும். மேலேற மேலேறப் பிற்பட்டவை தோன்றும்.

பகரத்தின் இறங்குகோட்டை நான்கு துண்டாகவும், அடிக்கோட்டை நான்கு துண்டாகவும், ஏறுகோட்டை நான்கு துண்டாகவும் பிரித்துப் பன்னிரண்டு அடுக்குகளை வகுத்தோம். அடுக்கு ஒவ்வொன்றையும் ஒளியூடுருவும்படி நிறமின்றித் திறந்து, அதிற் கருநிறத் தூரிகையால் ஒரு துண்டை மட்டும் வரைந்தோம். கை நடுங்குவார் அஞ்ச வேண்டுவதில்லை. தூரிகையால் ஓரிடத்தைத் தொட்டு, 'ஷிஃப்ட்' விசையை அழுத்திக்கொண்டு மற்றோரிடத்தைத் தொட்டால் இரண்டற்கும் இடையே நேர்கோடு தானே அமைந்துவிடும். இவ்வொரு வசதியை முதல்நாளே அறிந்திருப்போமாயின், கோணிய கோடுகளை அழித்து அழித்து எழுதிய ஓரிரவு எமக்கு மிச்சமாகியிருக்கும்.

பன்னிரண்டும் வரைந்தபின், 'ஃபில்டர்ஸ்' பட்டியலில் 'அனிமேஷன்' என்னும் பிரிவிலுள்ள 'பிளேபேக்' என்பதை அழுத்தினால் படம் ஓடுவதைக் காணலாம். யாம் அதனைப் பாராது, பெருமிதத்தோடு நேரே ஜிஃப் கோப்பாக மாற்றிச் சிறார்முன் கொண்டுபோய்த் திறந்தோம். சாம்பல்நிறப் பகரம் ஒரு கணம் தோன்றி மறைந்தது. பின்னர்க் கரிய துண்டொன்று இறங்கிற்று, பக்கவாட்டிற் சென்றது, ஏறிற்று, காணாமற்போயிற்று. எழுத்து எங்கும் உருவாகவில்லை. சிறார் கைகொட்டி நகைத்தனர். ஒரு சிறுமி, 'அக்கா, எறும்பு ஓடுகிறது!' என்று கூவினாள்.

பிழை யாதெனின், அடுக்கு மாறும்போது முந்திய அடுக்கை என்செய்வது என்பதற்குக் கிம்ப்பில் இருவகை உண்டு என்பதை யாம் அறியாமையே. ஒன்று 'கம்பைன்', அஃதாவது முன்னது நிற்கப் பின்னது அதன்மேற் சேர்தல். மற்றொன்று 'ரிப்ளேஸ்', அஃதாவது முன்னது நீங்கப் பின்னது அவ்விடத்தைக் கொள்ளுதல். ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு துண்டை மட்டும் வரைந்துவிட்டு யாம் இரண்டாம் வகையைத் தெரிந்திருந்தோம். ஆதலின் ஒவ்வொரு துண்டும் தனக்கு முற்பட்டதைத் தின்றுவிட்டது. புணர்ச்சி விகாரங்களுள் தோன்றல் வேண்டிய இடத்திற் கெடுதலைப் புகுத்திவிட்டோம் என்று எம் தோழியார் கூறினார். இலக்கணம் பயில்வார் பலரும் இவ்விடத்து நகைப்பர் என நம்புகின்றோம்.

முதல் வகையைத் தெரிந்தபின் பகரம் ஒழுங்காக எழுதப்பட்டது. இவ்வகையை அடுக்கின் பெயரிலேயே குறிக்கலாம். அடுக்கின் பெயருக்குப் பின் பிறைக்கோட்டுக்குள் 'கம்பைன்' என்னும் ஆங்கிலச் சொல்லையும், மற்றொரு பிறைக்கோட்டுக்குள் காலத்தைக் காட்டும் எண்ணையும் அதனை ஒட்டி 'எம்எஸ்' என்னும் இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துக்களையும் இட்டால், கிம்ப் அதனைக் கட்டளையாகக் கொள்ளும். 'எம்எஸ்' என்பது விநாடியின் ஆயிரத்திலொரு கூறு.

பின்னர் எமக்கு ஆசை மிகுந்தது. எழுத்தோடு ஒரு பென்சிலும் நகர்ந்தால் சிறார்க்கு இன்னும் விளங்குமன்றோ? ஒவ்வோர் அடுக்கிலும் துண்டின் நுனியில் மஞ்சட்பென்சில் ஒன்றை வைத்தோம். சேர்த்தல் முறையில் ஓடவிட்டபோது பன்னிரண்டு பென்சில்களும் வேலிக்கழிகள்போல வரிசையாக நின்றுவிட்டன! எழுதிய கோடு நிற்கவேண்டும். எழுதும் பென்சில் நீங்கவேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே வேண்டுவார்க்கு இரண்டாம் வகையே உரியது. ஆனால் ஒவ்வோர் அடுக்கிலும் முழுப்படத்தையும், அஃதாவது தாளையும் அதுகாறும் எழுதிய கோட்டையும் பென்சிலையும், வைத்தாக வேண்டும். உழைப்பு மிகுதி என்று தோன்றும். எனினும் 'லேயர்' பட்டியலில் 'நியூ ஃப்ரம் விசிபிள்' என்றொரு கட்டளை உண்டு. கண்ணுக்குப் புலப்படும் அடுக்குகள் எல்லாவற்றையும் அது ஒரே புதிய அடுக்காகப் பிரதியெடுத்துத் தரும். பென்சிலை நகர்த்துவது, கோட்டின் அடுத்த துண்டைத் தோன்றச் செய்வது, பிரதியெடுப்பது என்று பன்னிருமுறை செய்தால் வேலை முடிந்தது. அரைமணி நேரத்திற்கு மேற் செல்லவில்லை.

நிற்க, யாம் செய்த பெரும்பிழை ஒன்று உண்டு. கிம்ப்பில் 'சேவ்' என்பது வேறு, 'எக்ஸ்போர்ட்' என்பது வேறு. முன்னது அடுக்குகளையும் நிறங்களையும் உள்ளவாறே 'எக்ஸ்சிஎஃப்' என்னும் தன் கோப்புவகையிற் காப்பது. பின்னது பிறர்க்குக் காட்டுதற்குரிய வடிவத்தை ஆக்குவது. யாம் ஜிஃப் ஒன்றையே வைத்துக்கொண்டு மூலக்கோப்பை அழித்துவிட்டோம். பின்னர் ஒரு கோட்டைத் திருத்த வேண்டி ஜிஃப்பைத் திறந்தபோது அடுக்குகள் வந்தன. ஆயினும் நிறங்கள் குறைந்த பட்டியலுக்குள் அடைபட்டிருந்தன. தூரிகையின் மென்மையான விளிம்புகள் அரம்போற் பல்லுப்பல்லாக மாறியிருந்தன. முதலிலிருந்து மீண்டும் வரைந்தோம். ஜிஃப் தன் வண்ணப்பட்டியலில் 256 நிறங்களுக்கு மேல் ஏற்காது. ஒரு புள்ளி ஒளியூடுருவுமா ஊடுருவாதா என்பதை மட்டும் அறியும், பாதி ஊடுருவல் அதற்கு இல்லை. கரிய கோடும் மஞ்சட்பென்சிலும் உள்ள படத்திற்கு அக்குறை ஒரு குறையன்று. நிழற்படங்களை இயக்க விழைவார் வேறு கோப்புவகை நாடுதல் நலம்.

'எக்ஸ்போர்ட் ஆஸ்' என்று கூறிக் கோப்பின் பெயரை ஜிஃப் என முடித்தால் ஒரு சிறு சாளரம் தோன்றும். அதில் 'ஆஸ் அனிமேஷன்' என்னும் கட்டத்தைக் குறியிட மறந்தால் பன்னிரண்டு அடுக்கும் ஒன்றாக அழுந்தி ஒரே நிலைப்படமாகிவிடும். இம்மறதி எமக்கு மும்முறை நேர்ந்தது. 'லூப் ஃபார்எவர்' என்னும் கட்டத்தைக் குறியிட்டால் படம் முடிந்தவுடன் மீண்டும் தொடங்கி ஓயாது சுழலும்.

இனிக் காலம். கிம்ப் தானாகக் கொடுப்பது ஒவ்வொரு படத்திற்கும் 100 கூறு. அதனை மாற்றாது விட்டோம். பகரம் ஒன்றேகால் விநாடிக்குள் எழுதப்பட்டுவிட்டது. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. அச்சிறுவனோ, 'அக்கா, எழுத்து ஏன் ஓடிப்போகிறது?' என்றான். இன்னும் வழுவழுப்பாக ஓடினால் நன்றாகுமோ என்று கருதித் துண்டுகளை இருமடங்காக்கிக் காலத்தைப் பாதியாக்கினோம். கோடு நீர்போல ஒழுகிற்று. வெர்த்தைமர் கூறிய 60 கூற்றிற்கு மிக அணுகிவிட்டோம் என்று மகிழ்ந்தோம். சிறுவன் ஒன்றும் கூறாது வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். பின் தன் சுவடியில் வலப்பக்கத்திலேயே பென்சிலை வைத்தான். அவன் கண்டது ஒரு வேடிக்கை, கற்றது யாதுமில்லை. (இடையே ஒருமுறை காலத்தை மிகக் குறைத்து 10 கூறு என இட்டும் பார்த்தோம். இணைய உலாவிகள் பலவும் அத்துணைச் சிறிய காலத்தை மதியாமல், தாமே 100 கூறாகக் கொண்டுவிடுகின்றன. அதனால் விரைவு கூடுதற்கு மாறாகக் குறைந்தது!)

அப்போதுதான் எம் நோக்கமே பிழைபட்டிருந்தது புலனாயிற்று. கண்ணை மயக்குவார்க்குத் துண்டுகள் தெரியாது ஓடுதல் வேண்டும். கையைப் பழக்குவார்க்குத் துண்டுகள் தெரிதல் வேண்டும். ஆகவே 200 கூற்றை எம் மாத்திரையாகக் கொண்டோம். வெர்த்தைமர் அளவின்படி அஃது இயக்கம் சிதைந்து தனித்தனிப் படிகளாகத் தோன்றும் எல்லை. எமக்கு வேண்டியதும் அதுவே. நேராகச் செல்லும் துண்டுகளுக்கு ஒரு மாத்திரை கொடுத்தோம். இறங்குகோடு அடிக்கோடாகத் திரும்பும் மூலையிலும், அடிக்கோடு ஏறுகோடாகத் திரும்பும் மூலையிலும் பென்சில் சற்றே நின்று நினைப்பதுபோல நெடிலுக்குரிய இரண்டு மாத்திரை, அஃதாவது 400 கூறு கொடுத்தோம். தொடக்கத்திற் சாம்பலெழுத்து மட்டும் நிற்பதற்கு 600. எழுதி முடிந்த பகரம் மீண்டும் அழிவதற்குமுன் கண்ணாரக் காணும்படி இறுதிப் படத்திற்கு 2000. அளபெடைக்கே மூன்று மாத்திரை ஆகப் பத்து மாத்திரை மிகையெனின், இசைக்கண் எழுத்துக்கள் தம் அளவு கடந்து நீளுதல் ஆன்றோர்க்கு உடன்பாடே என்று அமைதி கூறுவோம். எல்லாம் கூடிப் படம் ஒருமுறை ஓடுதற்கு 5.2 விநாடி.

இப்படத்தைச் சிறாரின் பெற்றோர் கைப்பேசிகளுக்கு அனுப்பினோம். மறுமுறை அச்சிறுவன் வந்தபோது தாயின் கைப்பேசியையும் உடன்கொணர்ந்தான். அதன் கண்ணாடியின்மேல் தன் சுட்டுவிரலை வைத்துப் பென்சில் நகருந்தோறும் தானும் நகர்த்தினான். மூலையிற் பென்சில் நிற்கும்போது அவன் விரலும் நின்றது. மூச்சையும் அடக்கிக்கொண்டான் என்றே எமக்குத் தோன்றிற்று. அன்று சுவடியில் எழுதும்போது முதலில் வலப்பக்கத்திற்குச் சென்ற கை, தானே திரும்பி இடப்பக்கத்திற்கு வந்தது. மறுவாரம் பத்து எழுத்தில் ஆறு எழுத்து நேர்முறையில் அமைந்தன. ஒரு திங்கள் சென்றபின் மகரத்தைக் கையெடாமல் எழுதினான். சிறார் எல்லாரும் இங்ஙனமே பயன்பெற்றனர் என்று கூறோம். 'எறும்பு' என்று கூவிய சிறுமி இன்றும் பழைய பிழைப்படத்தையே காட்டுக என்று வற்புறுத்துகின்றாள். அதனை அழித்துவிட்டோம் என்று கூற எமக்கு மனம் வரவில்லை.

இதுவரை ட, ப, ம, ய என்னும் நான்கெழுத்தை முடித்துள்ளோம். இப்போது அச்சிறுவன் ழகரம் வேண்டும் என்று கேட்டிருக்கின்றான். அவன் பெயரில் அவ்வெழுத்து வருகின்றது. ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று அமர்ந்தோம். அடுக்கைத் திறந்து முதற் துண்டை வரைந்தவுடனே இடர் தோன்றிற்று. யாம் கீழ்ச்சுழியை ஒரே போக்கில் இழுத்து முடிக்கின்றோம். எம் தோழியாரோ அவ்விடத்திற் பேனாவை எடுத்துச் சுழியைத் தனியே இடுகின்றார். பதினைந்து ஆண்டுகளாக எழுதிவரும் எழுத்தை இருவரும் தாளில் மெல்ல மெல்ல எழுதி, ஒருவர் கையை மற்றவர் நோக்கியிருந்தோம். விடுதியில் இன்னும் எழுவரை எழுதச் சொன்னோம். நால்வர் எம்மைப் போலவும் மூவர் தோழியாரைப் போலவும் எழுதினர். வரும் திங்கட்கிழமை எம் ஆசிரியரை எழுதிக் காட்டுமாறு வேண்ட இருக்கின்றோம். அதுவரை அக்கோப்பு ஒரு துண்டுக் கோட்டோடு காத்திருக்கின்றது.